எலாஸ்டிக் எறும்பு

என் அத்தானுக்குப் பிரபஞ்சத்தில் தெரியாதது எதுவும் இல்லை. சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பார்த்துவருகிறேன். அறிவியல் மையத்தில் வேலை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி கூரையோடு நிற்கும் கட்டடம் அது. உள்ளே போய் உட்கார்ந்தால் விளக்கை அணைத்துக் கூரையில் நட்சத்திரங்களைக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் ஒருவர் மேடையில் நின்று பலூன் ஊதுவார். அவர்தான் என் அத்தான். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதைக் கூட்டத்துக்குப் புரியவைக்கும் பொறுப்பு அவருடையது. ஊரில் அவருக்குப் பலூன்காரர் என்று பெயர். அவருக்கு அது வேப்பங்காய். ‘விளக்கவுரையாளர்’ என்று எழுதிய பட்டையைச் சட்டையில் குத்தியிருப்பார். அதை யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

வித்தை இதுதான். பாதி ஊதிய பலூனின் மேல் சின்னச் சின்னக் காகிதப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரக் கூட்டமாம். இன்னும் ஊதினால் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போகும்.

“பார்த்தீங்களா? எந்தப் புள்ளியாவது நகர்ந்துச்சா? ஒட்டின இடத்துலயேதான் இருக்கு. நடுவுல இருக்கிற ரப்பர்தான் நீளுது. பிரபஞ்சமும் இப்படித்தான். யாரும் யாரையும் விட்டுட்டு ஓடலை. நடுவுல இருக்கிற இடம் விரியுது, அவ்வளவுதான்” என்பார். கூட்டம் கைதட்டும்.

மேடையோடு விட்டிருந்தால் எனக்கென்ன வந்தது? அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நான் தையல்காரி. புதுத்துணி தைப்பதைவிடப் பழைய துணியைப் பிரித்துத் தைப்பதுதான் என் கடையில் அதிகம். இடுப்புப் பிடிக்கிறது, கை ஏறவில்லை என்று கொண்டுவருவார்கள். ‘நான் பெருத்துட்டேன்’ என்று வாய் திறந்து சொன்ன ஒருவரையும் இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் துணி சுருங்கிவிடுகிறது. நானும் ஆமாம் போட்டுவிட்டுத் தையலைப் பிரித்துவிடுவேன், பிழைப்பு ஓட வேண்டுமே. அத்தானும் இந்த ரகம்தான், கொஞ்சம் படித்த ரகம். துணியின் மேல் பழியைப் போடாமல் இடத்தின் மேல் போடுவார்.

கூடப் படித்தவர்கள் யாரும் இப்போது வருவதில்லையே என்று கேட்டால், இடைவெளி விரிந்துவிட்டது. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லையே என்றால் அதுவும் விரிவுதான். இவர் ஒரு போன் செய்து பார்த்திருக்கலாம் என்பது எந்த விதியிலும் வராது. எங்கள் அப்பா இறந்த அன்று அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்தை, தூரத்துல தெரியிற சில நட்சத்திரம் எப்பவோ அணைஞ்சு போயிருக்கும். வெளிச்சம் மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கும்” என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தான் சொன்ன ஆறுதல் வேலை செய்துவிட்டது என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

பலூனிலும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எந்தக் கூட்டத்திலும் ஒரு ஆள் எழுந்து, “பலூனுக்குள்ள நடுவுல என்ன சார் இருக்கு?” என்று கேட்டுவிடுவான். இவர் முகம் தொங்கிப்போகும். “உள்ளே போகாதீங்க. மேல்தோலை மட்டும் பாருங்க. பிரபஞ்சத்துக்கு நடுன்னு ஒண்ணு கிடையாது” என்று கெஞ்சுவார். அதனால் குறை சொல்ல முடியாத உவமை ஒன்றைத் தேடி அலைவதே அவருக்குப் பொழுதுபோக்கு. நாங்கள்தான் சோதனை எலிகள்.

ஒரு முறை உலர்ந்த திராட்சை போட்டு ரொட்டி சுடச் சொன்னார். மாவு உப்பும்போது திராட்சைகள் எல்லாப் பக்கமும் விலகும் அல்லவா, அதுதான் உவமை. அக்கா மாவு பிசைந்து ஓவன் அடுப்புக்குள் வைத்தாள். இவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கொரு தரம் அடுப்புக் கதவைத் திறந்து திராட்சைக்கும் திராட்சைக்கும் நடுவே அளந்தார். சூடெல்லாம் வெளியே போய், ரொட்டி செங்கல்லாக வந்தது. “ரொட்டிக்கு ஓரம் இருக்கு. ஓரம் எங்கேன்னு கேட்டு உயிரை எடுப்பாங்க” என்று சொல்லி அவர் அதைத் தொடவே இல்லை. நானும் அக்காவும் டீயில் நனைத்து நனைத்துத் தின்றோம். பல் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

என் கடையிலிருந்து எலாஸ்டிக் காணாமல்போக ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் சமரசம் செய்துகொண்டதே இல்லை. பலூனில் பேனாவால் புள்ளி வைக்கக் கூடாது, காகிதத்தில்தான் ஒட்ட வேண்டும். பேனாப் புள்ளி பலூனோடு சேர்ந்து பெருத்துவிடும். நிஜத்தில் நட்சத்திரக் கூட்டம் பெருக்காது. அதற்குள் இருப்பவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விலகுவதெல்லாம் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெறும் இடம்தான். “பேனாவுல புள்ளி வைக்கிறவன் விஞ்ஞானத்துக்கே துரோகி” என்பார்.

அந்தக் காகிதப் புள்ளிகளைச் செய்தவள் அக்கா. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பிலிம் சுற்றிவரும் கறுப்புக் காகிதத்தைக் குப்பையில் போடாமல் கொண்டுவருவாள். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் அமுக்கி அமுக்கிப் புள்ளிகளை உதிர்ப்பாள். மறுநாள் காட்சிக்கான பலூன்களைப் பாதி ஊதி, டிவி பார்த்தபடியே ஒவ்வொன்றாகப் பசை தொட்டு ஒட்டுவாள். ஊசிமுனையளவு பசைதான் வைக்க வேண்டும், அதிகமானால் ரப்பரோடு சேர்ந்து காகிதம் கிழியும். கல்யாணம் ஆன புதிதில் தொடங்கிய வேலை. அத்தான் அந்தப் புள்ளிகளின் அருமையை மேடையில் பெருமையாகச் சொல்வார். யார் ஒட்டியது என்று சொன்னதில்லை. புள்ளிகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன என்று நினைத்தாரோ என்னவோ.

இப்படியிருக்கையில் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது, வேறு ஊர் ஆஸ்பத்திரியில். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். செய்தியை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தாள்.

“அவர் ‘போகாதே’ன்னு சொன்னா நான் போகலை. ‘நானும் வரேன்’னு சொன்னா ரெண்டு பேரும் போறோம். ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். ஏதாவது ஒண்ணைச் சொல்லட்டும்” என்றாள்.

“சொல்லாம என்ன செய்வார்?” என்றேன். அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

அன்று அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன். அக்கா விஷயத்தைச் சொன்னாள். “நல்ல விஷயம்தானே” என்றார் அத்தான். சொல்லும்போதே அவர் கண் சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் போய்விட்டது. அங்கே ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து என் கடை எலாஸ்டிக்கை எடுத்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார், மறு முனையை அக்காவிடம். எறும்பை என் பக்கத்தில் ஏற்றிவிட்டார்.

“இழுங்க, மெதுவா. எறும்பு உன் அக்காவைப் பார்த்து நடக்குது. அது நடக்க நடக்க எலாஸ்டிக்கும் நீளுது. பார்த்தியா?”

அக்கா எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “இது என்கிட்ட வந்து சேருமா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது, சுவரில் இருந்த பல்லிக்குக்கூடப் புரிந்திருக்கும்.

“அது எப்பக் கிளம்புதுங்கிறதைப் பொறுத்தது” என்றார் அத்தான், முகமெல்லாம் வெளிச்சமாக. “சீக்கிரமே கிளம்பினா சேர்ந்துடும். ஆனா பிரபஞ்சம் சும்மா விரியலை, வர வர வேகமா விரியுது. அதனால ரொம்பத் தாமதமாக் கிளம்பின எறும்பு எவ்வளவு நடந்தாலும் சேராது. அருமையான கேள்வி! இதுல நடு கிடையாது பார், பலூனைவிட எவ்வளவோ மேல்.”

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா தன் பக்கத்து முனையை விட்டுவிட்டாள். எலாஸ்டிக் சுளீரென்று என் விரலில் வந்து அடித்தது. எறும்பு எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

அக்கா கிளம்பிய அன்று அறிவியல் மையத்துக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில்தான் பஸ் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூட நின்றேன். சாலையின் அந்தப் பக்கம், கவிழ்த்த சட்டிக்குள் அவர் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாதாம்.

அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? “வீட்டுக்காரம்மா விட்டுட்டுப் போயிட்டாங்களாமே சார்?” என்று டிக்கெட் கொடுக்கும் அம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள். “யாரும் யாரையும் விட்டுப் போகலை. அவ அவ இடத்துல இருக்கா, நான் என் இடத்துல இருக்கேன். நடுவுல இருக்கிற தூரம்தான் கூடியிருக்கு” என்றார் இவர். அந்த அம்மாள் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கேலி செய்வதானால் நான் செய்வேன், கண்டவர்களும் செய்வதற்கா அத்தான்?

ஆரம்பத்தில் அக்கா தினமும் போன் செய்தாள். இவர் புதிதாகப் பிடித்த உவமையைச் சொல்வார், அவள் ‘ம்’ கொட்டுவாள். பிறகு வாரம் ஒரு தடவை ஆனது. பிறகு என்னிடம் மட்டும் பேசினாள். ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனபோது ஓட்டை போடும் கருவி டிவியின் மேல் தூசி படிந்து கிடந்தது. அத்தான் மேசையில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் சட்டென்று எதையோ பின்னால் மறைத்தார். திருட்டுத்தனமாக ஏதோ நடக்கிறது என்று புரிந்தது, என்னவென்று அப்போது புரியவில்லை.

போன மாதம் அக்கா விடுப்பில் வந்தாள். தன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டில் தங்கினாள். அந்த வேலையை நிரந்தரமாக்கிக்கொள்வதா, பழைய இடத்துக்கே திரும்புவதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். திரும்பிப் போனதும் மறுநாள் காலையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நீயே அவர்கிட்ட நேரா கேட்டுடேன் அக்கா.”

“ஒரு தடவை கேட்டாச்சு, எறும்பை வெச்சு. இப்போ அவர் கேட்கட்டும். ‘எப்ப வர்றே’ன்னு கேட்டாப் போதும், திரும்பி வர்றேன்னு எழுதிக் கொடுத்துடுவேன். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மையத்துக்குள்ளே போய் ஒரு தடவை அவரைப் பார்த்துட்டுப் போறேன். என்னைப் பார்த்ததும் கேட்கிறாரான்னு பார்ப்போம்.”

காலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்வரிசைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அத்தான் மஞ்சள் பலூனோடு மேடைக்கு வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஊத ஆரம்பித்தார். என் கண் தையல்காரியின் கண் ஆயிற்றே, உடனே பார்த்துவிட்டேன். பலூனில் இருந்தவை காகிதப் புள்ளிகள் அல்ல. பேனாவால் வைத்தவை.

பலூன் உப்ப உப்பப் புள்ளிகளும் உப்பின. எறும்புத் தலையளவு இருந்தது பொத்தான் அளவு ஆகி, அதற்கு மேலும் வளர்ந்து வெளிறியது. முன்வரிசையில் ஒருத்தி, “ஐயே, புள்ளியும் குண்டாகுது!” என்று கத்தினாள். அரங்கமே சிரித்தது. அத்தான் அசடு வழிந்துகொண்டு நின்றார்.

அப்போது அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள், “நிஜத்துல புள்ளி பெருக்குமாங்க?”

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பலூனின் வாயைப் பிடித்திருந்த விரல் தளர்ந்து கொஞ்சம் காற்று சீறிக்கொண்டு வெளியே போனது.

“பெருக்காது” என்றார். “பேனாவுல வெச்சது தப்பு. காகிதத்துல ஒட்டணும். ஒட்டுறவங்க... இப்போ இங்கே இல்லை.”

“ஏன் பெருக்காது?”

“உள்ளே இருக்கிறது ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பிடிப்பு இருக்கிற இடத்துல விரிவு ஜெயிக்காது. நம்ம வீடு, மேசை, நாற்காலி எதையும் அது ஒண்ணும் பண்ண முடியாது. இது நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவுல நடக்கிற சமாசாரம்.”

“அப்போ ஒரு வீட்டுக்குள்ளேயே ரெண்டு பேர் விலகிப் போனா?”

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அத்தான் கையிலிருந்த பலூனைப் பார்த்தார், பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது, அதுவும் அந்த மேடையில்.

“அது பிரபஞ்சத்தோட வேலை இல்லை” என்றார்.

“சரிங்க. புரிஞ்சுது” என்றாள் அக்கா.

விளக்கு அணைந்தது. கூரை முழுக்க நட்சத்திரங்கள் வந்தன. இருட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.

வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்துவிட்டது, கண்டக்டர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்து அத்தான் ஓடிவந்தார், பலூன் கையிலேயே இருந்தது. ஓடிவருவதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா படியில் கால் வைத்தவள் திரும்பி நின்றாள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டே வாயைத் திறந்தார்.

“நீ கேட்டது... ரொம்ப நல்ல கேள்வி.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எந்த மனிதனும் தன் மனைவியிடமிருந்து வாங்கக் கூடாது. “வேளாவேளைக்குச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

அத்தானை நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், “அது எந்த ஊர் பஸ்?” என்று கேட்டார்.

“உங்க பொண்டாட்டி இருக்கிற ஊர் பஸ். அதுகூடத் தெரியாதா?”

“ஊர் பேர் தெரியும். எந்த பஸ் போகும், எவ்வளவு நேரம் ஆகும்னெல்லாம் கேட்டுக்கலை.”

பக்கத்து நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வெளிச்சம் வந்துசேர எத்தனை லட்சம் வருடம் ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா நாளைக் காலையில் எதை எழுதிக் கொடுக்கப் போகிறாள், எந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் காத்திருந்தாள், எல்லாவற்றையும்.

அவர் பஸ் போன திசையையே பார்த்தார். “அவ போகலை...” என்று ஆரம்பித்தார். மறுபடியும் விரிவு புராணமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

“நான்தான் கிளம்பலை” என்றார்.

என் கடையில் துணியின் மேல் பழி போடாத வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை என்று சொன்னேன் அல்லவா? தெருவில் ஒருவரைப் பார்த்துவிட்டேன்.

“போன் போடுங்க அத்தான்” என்றேன்.

“வேண்டாம். போன்ல பேசினா மறுபடியும் உவமைதான் வரும். நேர்லயே போறேன்.”

நேர் பஸ் இனிச் சாயங்காலம்தான். பாதி வழிவரை போகும் பஸ் ஒன்று அப்போது வந்து நின்றது. அங்கிருந்து மாறி மாறிப் போனால் விடிவதற்குள் போய்விடலாம் என்றார் கண்டக்டர், அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால். அத்தான் ஏறிவிட்டார். பொத்தான் இல்லாத சட்டை, கையில் பை கூட இல்லை. ஏறியவர் ஜன்னல் வழியாகப் பலூனை என் கையில் திணித்தார்.

“அடுத்த காட்சிக்கு ஆள் உட்கார்ந்திருக்கு. நீ சொல்லிடு. நீ கேட்காததா?”

“நானா? அத்தான்!”

பஸ் போய்விட்டது. எதிரே மணி அடித்தது. டிக்கெட் அம்மாள் வாசலுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் போய் மேடையில் ஏறினேன். பலூனை ஊதினேன். புள்ளிகள் உப்பின. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், “இது பேனாவுல வெச்சது, தப்பு. ஒட்டுறவங்க ஊர்ல இல்லை.” மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தையல்காரியின் பையில் எலாஸ்டிக் இல்லாமல் போகுமா? எடுத்து அதில் ஒரு பொத்தானைக் கோத்து, முன்வரிசையிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முனையைக் கொடுத்தேன்.

“இது எறும்புன்னு வெச்சுக்குங்க. அந்தக் கோடிக்கு நடந்து போகுது. அது நடக்க நடக்க எலாஸ்டிக்கும் நீளுது” என்று சொல்லிப் பொத்தானை விரலால் தள்ளினேன்.

“போய்ச் சேருமா?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

“எப்பக் கிளம்புச்சுங்கிறதைப் பொறுத்தது.”

“எப்பக் கிளம்புச்சு?”

“இப்பதான்” என்றேன். அந்தக் கோடியைப் பிடித்திருந்த பிள்ளை உற்சாகத்தில் இழுத்துக்கொண்டே பின்னால் போனாள். “இழுக்காதேம்மா. கொஞ்ச நேரம் அங்கேயே நில்லு” என்றேன்.